செட்டு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசத்தைக் கடந்து கிழக்கு நோக்கிப் பிரயாணம் செய்பவர், மல்லாட்டைக் கொல்லைகளும் நெல் வயல்களும் படிப்படியாக அருகி, பூமியெல்லாம் வெண்மையாகப் பரந்து கிடக்கும் உப்பளப் பிரதேசத்தை அடைவதற்குள், ஓர் ஆங்கிலச் சொல்லைப் பத்துவிதமான அர்த்தங்களில் கேட்டுவிடக்கூடும். 'செட்' என்பது அந்தச் சொல். நம் நாக்குக்கு இசைய ஓர் உகரம் சேர்ந்து 'செட்டு' ஆகிவிட்டது.

ஆங்கிலேயரிடத்திலேயே அது சாமானியச் சொல்லன்று. 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் பூர்த்தியான ஆக்ஸ்போர்டு பேரகராதியில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் இதுதான். 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலோ, வினைச்சொல்லாக மட்டும் இதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் கூறப்பட்டன. வைத்தல், அமைத்தல், உறைதல், அஸ்தமித்தல், தொகுதி என்று திக்குக்கு ஒன்றாய் ஓடும் இச்சொல்லின் பொருள்களைக் கண்டு அந்நாட்டு மாணாக்கரே மலைப்பதுண்டு. பிற்காலத்தில் 'ரன்' என்னும் சொல் 645 பொருள்களோடு இதனை முந்திக்கொண்டது என்பது வேறு கதை.

இத்தனை பொருள்களில் நம்மவர் முதலில் கைக்கொண்டது 'ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பது' என்ற ஒன்றையே எனலாம். அதுவும் இயந்திரத்தின் கூடவே வந்து சேர்ந்தது. கிணற்று நீரை ஏற்றத்தாலும் கவலையாலும் இறைத்துக்கொண்டிருந்த குடியானவனுக்கு, மோட்டாரும் பம்பும் ஜோடியாகப் பூட்டப்பட்டுக் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியபோது, அந்த ஜோடிக்குப் பெயர் 'பம்பு செட்டு' என்றார்கள். அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். இன்று மோட்டார் கொட்டாய்க்குள் நின்று குழாய்நீரில் தலையைக் கொடுத்துக் குளிக்கும் பையனைக் கேட்டால், அது ஆங்கிலச் சொல் என்று சொல்லவே அவனுக்குத் தோன்றாது.

உப்பளத்தில் இதே விஷயம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே உப்புநீரை ஏற்றும் எஞ்சினும் பம்பும்தான் 'செட்டு'. அந்த நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, அதன் செறிவு 25 டிகிரியை நெருங்கும்போது பளிங்குபோல் உப்பு படிகிறது. ஆனால் அந்தப் படிதலை ஒருவரும் 'செட் ஆகிறது' என்று சொல்வதில்லை. உப்பு 'விளைகிறது' என்றே சொல்கிறார்கள். பாத்தி, வரப்பு, விளைதல், வாருதல், அம்பாரம் என்று தொழிலின் பழைய அங்கங்கள் யாவும் தமிழிலேயே இருக்க, புதிதாக நுழைந்த யந்திரம் மட்டும் தன் பெயரைத் தானே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பூர்விகமான தொழிலுக்குச் சொந்தச் சொல் உண்டு; வந்த பொருளுக்கு வந்த சொல். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை என்பது என் கட்சி. மணிலாக்கொட்டை 'மல்லாட்டை'யாகிவிட்ட இந்தச் சீமையிலே, பிராமணர்க்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் 'பிரம்மதேயம்' என்னும் வடமொழிச் சொல்லை நினைவூட்டும் பெயரைத் தாங்கி நிற்கும் பிரம்மதேசத்துக்குப் பக்கத்திலே, இதை அதிகமாக விவரிக்க வேண்டுவதில்லை.

ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது தென்னை மரத்தில் குழாய் கட்டிக் கூவுவது 'மைக் செட்டு'. (இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதிகள் சொல்வதை அம்மன் அறிவாளோ என்னவோ, பக்தர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை.) பந்தலில் கூடி அடிப்பது பம்பை செட்டு, கல்யாணத்தில் முன்னே போவது பேண்டு செட்டு. ஓட்டலில் பூரி ஒரு செட்டு. பள்ளிக்கூடத்தில் சீருடை நான்கு செட்டு. 'எங்க செட்டு' என்றால் உடன் படித்தவர்கள். 'செட்டு சேர்ந்து கெட்டுப்போனான்' என்றால் தாயாரின் புலம்பல்.

தமிழிலும் ஒரு 'செட்டு' முன்னமே உண்டு என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். வாணிபம், சிக்கனம் என்று அதற்குப் பொருள். 'கட்டும் செட்டுமாகக் குடித்தனம் செய்' என்று பாட்டிமார் சொன்னது அதைத்தான். வந்தவன் உரக்கப் பேசவே வீட்டுக்காரன் குரல் அடங்கிவிட்டது. கணக்குப் பாடத்திலோ நிலைமை வேறு: அங்கே தமிழகத்தார் 'கணம்' என்றும், இலங்கைத் தமிழர் 'தொடை' என்றும் ஆளுக்கொரு நல்ல பெயர் வைத்து நெடுங்காலமாகப் புழங்கிவருகிறார்கள்.

எனக்கு உள்ள ஆட்சேபம் வினைச்சொல்லைப் பற்றியது. கொத்தனார் 'சிமெண்டு செட் ஆகட்டும்' என்றால் அதில் நியாயம் உண்டு. சாதாரண சிமெண்டு 30 நிமிஷத்துக்குள் இறுகத் தொடங்கலாகாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று இந்தியத் தரவிதியே வகுத்திருக்கையில், அது அத்தொழிலின் சங்கேதம். ஆனால் சட்டை செட் ஆகவில்லை, சீதோஷ்ணம் செட் ஆகவில்லை, மாமியாருக்கும் மருமகளுக்கும் செட் ஆகவில்லை என்று சகலத்துக்கும் ஒரே சொல்லை ஓட்டும்போது, பொருந்துதல், இசைதல், ஒத்துக்கொள்ளுதல், ஒத்துப்போதல் என்று சட்டைக்கும் சீதோஷ்ணத்துக்கும் மனத்துக்கும் தனித்தனியே வைத்திருந்த நுட்பங்களெல்லாம் உபயோகமின்றித் துருப்பிடிக்கின்றன. பம்பு செட்டும் மைக் செட்டும் அவ்வாறே வாழட்டும். பத்துப் பொருத்தம் பார்க்கும் ஜோதிடரே ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு 'இந்த வரன் செட் ஆகும்' என்று சொல்வாரானால், 'பொருந்தும் என்று சொல்லுங்கள், ஐயா' என்று பெண் வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.