தண்ணீர்க் கணக்கு – 9: உப்பு யார் பற்றில்?

போன வாரம் ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் என்று எழுதியிருந்தேன். எழுதும்போதே கை தயங்கியது. மெக்கோனன், ஹூக்ஸ்ட்ரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட உலகச் சராசரி அது. உமி நீக்காத நெல்லாக எடுத்தால் கிலோவுக்கு 1,673 லிட்டர். அதே 2011-இல் அதே ஹூக்ஸ்ட்ரா, சப்பகைன் என்பவரோடு சேர்ந்து போட்ட இன்னொரு கணக்கில் நெல்லுக்கு 1,325 லிட்டர். ஒரு பொருளை உண்டாக்கச் செலவாகும் தண்ணீரைக் கணக்கிடும் 'நீர்த்தடம்' என்ற கருத்தையே 2002-இல் கொண்டுவந்தவர் ஹூக்ஸ்ட்ரா. அவர் பெயர் தாங்கிய இரண்டு கட்டுரைகளுக்குள்ளேயே ஏறத்தாழ 350 லிட்டர் இடிக்கிறது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இந்தக் கணக்குகளுக்காக வயல் வயலாகப் போய்த் தண்ணீரை அளந்தவர் யாரும் இல்லை. வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து ஒரு மாதிரிப் புல்தரையிலிருந்து எவ்வளவு நீரை இழுக்கும் என்று கணித்து, பயிருக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி, கடைசியில் விளைச்சலால் வகுக்கிறார்கள். சீனாவின் மஞ்சள் ஆற்றுப் படுகையில் நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா நான்கையும் எடுத்து, இந்த வழியில் பிழை எவ்வளவு புகும் என்று 2014-இல் சோதித்தார்கள். சராசரியாக 30 சதவீதம் கூடலாம், அல்லது குறையலாம் என்று வந்தது. மளிகைக் கடைத் தராசு இப்படி ஆடினால் அடிதடியாகிவிடும். ஆய்வில் இதை வெளிப்படையாகச் சொல்வதற்குத்தான் மதிப்பு.

ஆனால் தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் வந்தால் இந்த முப்பது சதவீதம் சின்னப் பிரச்சினை.

இங்கே பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். விவசாயம் கிணற்றை நம்பித்தான். எவ்வளவு தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று கேட்டால் பதில் லிட்டரில் வராது, மோட்டார் ஓடிய மணியில் வரும். மின்சாரம் இலவசம் என்பதால் அந்த மணியையும் யாரும் குறித்து வைப்பதில்லை. இதையாவது ஊகித்துக்கொள்ளலாம். கிணற்றில் இருப்பது என்ன தண்ணீர் என்பதுதான் சிக்கல்.

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமலிருக்க உப்பிட்டுத்தான் டேனரிக்கு வருகின்றன. முதல் ஊறலிலேயே அந்த உப்பு கழன்று தண்ணீரோடு போகிறது. பதனிடப் பயன்படும் குரோமியத்தைச் சுத்திகரிப்பில் படியவைக்க முடியும். கரைந்த உப்பு அப்படிப் படியாது. பல பத்தாண்டுகளாக அது மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறி, மோட்டார் வழியாகத் திரும்பவும் வயலுக்கு ஏறியிருக்கிறது.

ஒரு ஏக்கர் நெல்லை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, நடவு முதல் அறுப்பு வரை வயலிலிருந்து 24 லட்சம் லிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம். 75 கிலோ மூட்டையில் 30 மூட்டை கண்டால் கிலோவுக்குச் சுமார் 1,070 லிட்டர். மண்ணில் உப்பு ஏறினால் நெல் சீக்கிரமே துவண்டுவிடும். மண்கரைசலின் மின்கடத்துதிறன் 3 அலகைத் தாண்டினால் விளைச்சல் சரியத் தொடங்கும், 7.2-இல் பாதியாகும் என்பது பாசன நூல்களில் இருக்கும் பழைய அட்டவணை. 15 மூட்டைதான் மிஞ்சும். உப்பில் வாடிய பயிர் குறைவாகத்தான் குடிக்கும், ஆகவே 20 லட்சம் லிட்டர் என்று குறைத்தே எழுதுவோம். அப்போதும் கிலோவுக்கு 1,780 லிட்டர் ஆகிறது. அட்டவணையில் பார்க்கிறவருக்கு அது தண்ணீரை வீணடிக்கும் நெல். உப்பு எங்கிருந்து வந்தது என்று எழுத அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

இல்லாமல் என்ன, 'சாம்பல் நீர்' இருக்கிறதே என்று இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்கள் கேட்கலாம். மாசை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு நீர்க்கச் செய்யத் தேவைப்படும் தண்ணீர்தான் சாம்பல் நீர். ஆனால் 2011 உலகக் கணக்கில் எடுத்துக்கொண்ட மாசு ஒன்றே ஒன்று, உரத்திலிருந்து கசியும் நைட்ரஜன். போட்டதில் பத்தில் ஒரு பங்கு கசியும் என்று கொண்டார்கள். நீர்நிலையில் ஏற்கெனவே இருக்கும் அளவு பூஜ்யம் என்றும் கொண்டார்கள். வேறு தரவு இல்லாதபோது அது நியாயமான அனுமானம்தான். பாலாற்றங்கரைக் கிணற்றுக்கு அதையே போட்டால் என்ன ஆகும்?

குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். கிணற்று நீரில் 3,000 இருக்கிறது, அதை 2,000-க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைப்போம். கலக்க 500 உள்ள நல்ல தண்ணீர் கிடைத்தால் லிட்டருக்கு முக்கால் லிட்டர் கூட வேண்டாம். கிடைப்பது 1,900 என்றால் பத்து லிட்டர் வேண்டும். அக்கம்பக்கத்துக் கிணறுகளும் 2,000-ஐத் தொட்டுவிட்டால் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும், கடலளவு ஊற்றினாலும் போதாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அப்போது கலக்கக் கிடைத்த தண்ணீர் வேறு, மே மாதத்தில் கிடைப்பது வேறு. ஆக விடை முக்கால் லிட்டரா, பத்தா, எண்ணற்றதா என்பது எந்த மாதம் வாளியை இறக்கினோம் என்பதைப் பொறுத்தது. முப்பது சதவீதமெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

எதிர்ப்பக்கத்துப் பேரேட்டையும் புரட்டினேன். மாட்டுத்தோலின் நீர்த்தடம் கிலோவுக்குச் சுமார் 17,000 லிட்டர் என்கிறார்கள். மலைப்பாக இருக்கும். அதில் மிகப் பெரும் பங்கு மாடு தின்ற தீவனத்தின் பெயரில் எழுதியது. டேனரி மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் 1996 தீர்ப்பில், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் என்று இருக்கிறது. பதினேழாயிரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தைந்தை வைத்தால் டேனரி கண்ணுக்கே தெரியாது. பாலாற்றைக் கெடுத்தது அந்த 35 லிட்டர்தான். கன அளவை மட்டும் பார்க்கும் கணக்கு, தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு இந்த முறையோடு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

நீதிமன்றத்துக்கு லிட்டர் தேவைப்படவில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கெடுப்பில், டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதன்படி அமைந்த ஆணையம் நிலத்தையும் குடும்பங்களையும் எண்ணி, 2001-இல் இழப்பீட்டை ரூபாயில் நிர்ணயித்தது. உப்பு முதன்முறையாக டேனரிகளின் பற்றில் ஏறியது அந்தக் காகிதத்தில்தான். அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது.

(தொடரும்)