சேமநிதிக் கணக்கு கற்றுத்தரும் கணினிப் பாடம்

ஜாசின், அலோர் காஜா தோட்டத் தொழிலாளர்களுக்கு இபிஎஃப் கணக்கு புதிதல்ல. இருப்பைப் பார்க்கலாம், அந்த எண்ணை நாமே திருத்த முடியாது. 2024 மே 11இல் 55 வயதுக்குட்பட்டோருக்கு வந்த மூன்றாம் கணக்கில் பணம் எடுக்கவும் விதி உண்டு: குறைந்தது 50 ரிங்கிட்.

கணினி நிரலாக்கத்தில் 'உறைபொதியாக்கம்' என்பதும் இதுதான். தரவு உள்ளே பூட்டியிருக்கும். அதைக் கையாளும் வழிமுறைகள் மட்டும் வெளியே தெரியும். இப்படியொரு கணக்கை ஜாவாவில் எழுதி, இருப்பை 'பிரைவேட்' என்று குறித்தால், வெளியிலிருந்து அதைத் தொடும் நிரல் ஓடவே ஓடாது. 'பணம் எடு' என்ற வழிமுறையைத்தான் அழைக்க வேண்டும். அது முதலில் சோதிக்கும்: 50க்குக் குறைவா? இருப்பைவிட அதிகமா?

பூட்டாமல் பத்து இடங்களில் இருப்பை மாற்றவிட்டால், ஒருவரின் சேமிப்பு குறையும்போது தவறைத் தேடி மாளாது. பைத்தானில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு, அதுவும் வெறும் வேண்டுகோள்தான்.