கப்பலில் வயிறு கெட்டால்

எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் எங்கள் இருவரையும் அங்கு வரவழைத்து, நான்கு இரவுகள் கொண்ட கப்பல் உல்லாசப் பயணம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். மதுரையிலிருந்து திருச்சிக்குப் பேருந்து, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வானூர்தி, அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். பினாங்கு என்ற பெயரைக் கேட்டதுமே எனக்கு மெய் சிலிர்த்தது. என் தந்தையார் இளமையில் பிழைப்புத் தேடிச் சென்ற ஊர் அது.

அவர் சென்ற கப்பல் ‘ரஜூலா’. அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் அப்பெயரை அறியாதவர் குறைவு. 1926-இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்று, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். தொடக்க நாட்களில் 5000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறையில்லை, கட்டிலில்லை. மேல்தளத்திலோ கீழ்த்தளத்திலோ பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். தந்தையார் அப்பயணத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேசியபோதெல்லாம் ஒன்றைத் தவறாமல் சொல்வார். கப்பலில் ஒருவருக்கு வயிறு கெட்டால் அவர் வாயைத் திறக்கமாட்டாராம். காலரா என்று தெரிந்துவிட்டால் கப்பலையே தடுத்து நிறுத்தி, பயணிகளைப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ, சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலோ நாட்கணக்கில் அடைத்துவைப்பார்கள் என்ற அச்சம். அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியதன் விளைவாகவே மறு ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் தீவில் அந்த முகாம் அமைந்தது. ஒருவன் நோய் ஊருக்குத் தெரிந்தால் அத்தனை பேர் பயணமும் கெடும். ஆகவே நோயாளி பாயில் சுருண்டு கிடப்பான். பக்கத்திலிருப்பவர்கள் கண்டும் காணாதவர்போல் இருப்பார்கள்.

இதை நான் பழங்கதை என்று எண்ணியிருந்தேன்.

பயணத்தின் இரண்டாம் நாள் இரவு. விருந்துக்கூடத்தில் வகை வகையான உணவைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் இல்லாள் சிறிது சோறும் தயிரும் பழமும் மட்டுமே உண்டாள். நள்ளிரவுக்குப் பின் கழிவறை விளக்கு பலமுறை எரிந்தணைந்ததை அரைத்தூக்கத்தில் கவனித்தேன். விடிந்ததும் கேட்டால், “ஒண்ணுமில்லைங்க, கப்பல் ஆடுது, அதான் தலை சுத்துது” என்றாள். சற்று அழுத்திக் கேட்டபின்தான் உண்மை வந்தது. இரவில் மட்டும் எட்டு முறை பேதி, மூன்று முறை வாந்தி. “பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க. இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கான், மனசு சங்கடப்படுவான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் இசைந்தேன். கற்றறிந்த ஆசிரியன் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் பெயர் வாங்கியவன், அன்று காலை ரஜூலாவின் பாயில் கிடந்தவர்களைவிட ஒரு படியும் உயர்ந்து நிற்கவில்லை.

அதனினும் பெரிய பிழை ஒன்று நடந்தது. குடித்தால் மீண்டும் போகும் என்று அஞ்சி அவள் தண்ணீரையே நிறுத்திவிட்டாள். நண்பகலில் மருமகள் அறைக்குள் வந்து, “அத்தை, ஏன் உதடெல்லாம் வெடிச்சிருக்கு?” என்று கேட்டபோதுதான் நான் உற்றுப் பார்த்தேன். கண்கள் குழிவிழுந்திருந்தன. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எழுந்து நிற்க முயன்றவள் சுவரைப் பற்றிக்கொண்டாள். விடியற்காலைக்குப் பிறகு சிறுநீரே கழியவில்லை என்றாள். மருமகள் என்னிடம் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துக் கப்பலின் மருத்துவ அறையை அழைத்தாள்.

வந்த செவிலி கேரளத்துப் பெண். கையில் ஊசியோ குப்பியோ இல்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அளந்த தண்ணீரில் கரைத்து, தேக்கரண்டியால் ஒவ்வொரு மிடறாகப் புகட்டத் தொடங்கினாள். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் வாந்தி. செவிலி சற்றும் கலங்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்திருந்து, முன்னிலும் மெதுவாக மறுபடி கொடுத்தாள். பிறகு கரண்டியை என்னிடம் தந்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். மாலை வரை அது என் வேலையாயிற்று. ஏறத்தாழ இரண்டு லிட்டர் உள்ளே சென்றது. இருட்டும் வேளையில் அவளுக்குச் சிறுநீர் கழிந்தது. அதுவரை செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தேனே தவிர, எந்த மறைநிகழ்ச்சியில் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

அந்தக் கரண்டியைப் பிடித்திருந்தபோது என் நினைவு வேறெங்கோ இருந்தது. 1964 கோடை, மேலூர்ச் சமவெளியில் ஒரு சிற்றூர், எங்கள் வீட்டுத் திண்ணை. என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. வாந்தியும் பேதியும் கண்டு இரண்டு நாள். “தண்ணி, தண்ணி” என்று கேட்டான். வயிற்றைக் காயப்போட வேண்டும், தண்ணீர் பட்டால் பேதி கூடும் என்பது ஊரார் அனைவரின் துணிபு. அம்மா நனைத்த துணியால் அவன் உதட்டை மட்டும் துடைத்தாள். மூன்றாம் நாள் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பிள்ளையைக் கொன்றது பேதி என்றே நாங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தோம். அம்மா தன் இறுதிவரை அப்படியே நம்பினாள். அதில் எனக்கு ஓர் ஆறுதல்.

தம்பி இறந்து ஏழாண்டுகள் கழித்து, 1971-இல், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்கு அஞ்சி இலட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்கத்துக்குள் வந்து குவிந்தனர். எல்லைக்கு அருகே பன்கான் என்னும் ஊரில் காலரா தலைவிரித்தாடியது. மருத்துவமனையின் தரையிலேயே நோயாளிகள் கிடந்தனர். நரம்பில் ஏற்றவேண்டிய உப்பு நீர்க் குப்பிகள் தீர்ந்துபோயின. அங்கிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோசு, சாதாரண உப்பு, சமையல் சோடா மூன்றையும் கல்கத்தாவில் அளந்து பைகளில் அடைத்து வரவழைத்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் தாயோ, மகனோ, உடன்பிறந்தவரோ குவளையில் பிடித்துப் புகட்டினர். முகாமில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேரை வாரிச்சென்ற சாவு, இக்கரைசலைப் பெற்றோரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 1978-இல் ‘லான்செட்’ என்னும் ஆங்கில மருத்துவ ஏடு, இந்நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதிற்று. மகலனபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இதன் நுட்பம் எளிது. பேதியின்போது குடல் வெறும் தண்ணீரைச் சரிவர ஈர்த்துக்கொள்வதில்லை. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்து வந்தால், சர்க்கரை உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே தண்ணீரும் செல்கிறது. பேதி உடனே நிற்காது. அது இதன் வேலையும் அன்று. போன நீர் திரும்பிவிட்டால், நோய் தானே ஓய்ந்து விலகும்வரை உடல் தாக்குப்பிடிக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கான தூள் 20.5 கிராம். பொட்டலம் கிட்டாத இடத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு மிக முக்கியம். உப்பு மிஞ்சினால் குழந்தைக்குக் கேடு. சர்க்கரை மிஞ்சினால் பேதி கூடும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. நம் பாட்டிமார் பாதி அறிந்திருந்தனர் என்று இதற்காகவேனும் சொல்லலாம். ஆனால் குளிர்பானங்களைக் கொடுக்கலாகாது. கரைசலின் பெயரைத் தாங்கி, சர்க்கரை மிகுந்த பானங்கள் அட்டைப் பெட்டிகளில் நெடுநாள் விற்பனையாகிவந்தன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அவற்றில் இடக்கூடாதென்று தடுத்தது. மருந்துக் கடையில் வாங்கும்போது உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். எத்தனை தண்ணீரில் கரைப்பது என்பதும் அதிலேயே இருக்கும். சிறு பொட்டலங்களும் உண்டு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

என் இல்லாளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ‘இனிப்பாக இருக்கிறதே’ என்று முதலில் வாயை மூடிக்கொண்டாள். சர்க்கரை நோயாளிகளும் இக்கரைசலைக் குடிக்கலாம், இரத்தச் சர்க்கரையை இடையிடையே பார்த்துக்கொண்டால் போதும் என்று கப்பல் மருத்துவர் விளக்கினார். அவள் வழக்கமாக உண்ணும் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாளைக்கு அவர் நிறுத்தியும் வைத்தார். இதை நாமாகச் செய்யக்கூடாது; ஆனால் மருத்துவரிடம் கேட்க மறக்கவும் கூடாது.

பிறகு தனிமை. அறையைவிட்டு வெளியே வரலாகாது என்று உத்தரவாயிற்று. உணவு கதவருகே வந்தது. குற்றவாளியைப்போல் அடைத்துவிட்டார்களே என்று அவள் விம்மினாள். எனக்கும் சினம்தான். பின்னர் காரணம் கேட்டறிந்தபோது சினம் தணிந்தது. இத்தகைய கப்பல்களில் வயிற்று நோயைப் பரப்புவது பெரும்பாலும் நோரோ என்னும் வைரஸ். 1968-இல் அமெரிக்காவின் நார்வாக் நகரில் ஒரு பள்ளியில் பரவிய நோயினால் அதற்கு அப்பெயர். மிகச் சிறிய அளவே ஒருவரை வீழ்த்தப் போதும். கைப்பிடி, கரண்டி, மின்தூக்கிப் பொத்தான் என எங்கும் ஒட்டிக்கொள்ளும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டு, பெரும்பாலோரை மூன்று நாட்களில் விட்டுவிடும். ஆனால் நோய் நின்றபிறகும் குறைந்தது இரண்டு நாட்கள் பிறருக்குச் சமைப்பதும் பரிமாறுவதும் ஆகாது. எங்கும் வைத்திருக்கிறார்களே கையில் தடவும் சாராய நீர்மம், அது இவ்வைரசுக்கு அவ்வளவாக அஞ்சுவதற்கில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். நான் இரண்டு நாளும் உணவு மேசைக்குப் போகும்போது அந்த நீர்மத்தை மட்டும் தடவிக்கொண்டு பெருமையாக நடந்தவன்.

புனித சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். முதல் இரண்டு மாதங்கள் கடல்நோயால் தாமே வாடினார். இருந்தும் கப்பலிலும், இடையே தங்க நேர்ந்த மொசாம்பிக்கிலும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதே அவருடைய நாளாயிற்று. அதை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். நோயாளியின் துணியைத் துவைப்பது எத்தகைய வேலை என்பது, அக்கப்பலறையின் சிறு தொட்டியில் என் கை பட்டபோதுதான் தெரிந்தது. ஞாயிறன்று திருப்பலி இல்லை; குருவானவரும் இல்லை. இருவரும் படுக்கையில் அமர்ந்து அன்றைய வாசகங்களைப் படித்துக்கொண்டோம்.

பினாங்குத் துறையில் கப்பல் நின்றது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இறங்கினர். நான் இறங்கவில்லை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே கூரைகளையும் குன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். “போய்ட்டு வாங்க, உங்க அப்பா இருந்த ஊரு” என்றாள். அவள் கஞ்சியைப் பாதியில் வைத்திருந்தாள். அதைக் குடித்து முடிக்கும்வரை நகரப் போவதில்லை என்றேன்.

ஊர் திரும்பிய அவ்வாண்டே எங்கள் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பேருந்து புறப்பட்டது. பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் பெட்டியில் இருபது பொட்டலங்களையும், ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தையும், சோப்புக் கட்டியையும் என் இல்லாள் வைத்தாள். புதுக்கோட்டையில் தேநீருக்கு நின்றபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தண்ணீரையே தொடவில்லை. தஞ்சாவூர் தாண்டியும் தொடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாளரப் பக்கம் திரும்பியிருந்தாள். என் இல்லாள் எழுந்துபோய் அவளருகே அமர்ந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் முன்னே வந்து ஓட்டுநரிடம், “தம்பி, கழிப்பறை இருக்கிற நல்ல இடமாப் பாத்து நிறுத்துங்க, எனக்கு வயிறு சரியில்லை” என்றாள். வண்டி திருவாரூருக்கு முன்பே நின்றது. அவள் முதலில் இறங்கினாள். அப்பெண் அவள் பின்னே இறங்கினாள்.

வழியில் இத்தகையோரைக் கண்டால் எப்போது மருத்துவமனைக்கு விரைவது என்பதையும் எழுதிவிடுகிறேன். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், எதையும் குடிக்க இயலாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழந்தை துவண்டு தூங்கிவழிதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் திருத்தலத்தை அடையும்வரை காத்திருக்க வேண்டாம். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கரைசல், கரண்டி கரண்டியாக. பேதியை உடனே கட்டும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. துத்தநாக மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், பேதி நின்ற பின்னும் பதினான்கு நாளும் முழுமையாகக் கொடுக்கவேண்டும்.

அப்பெண் அன்று மாலை அன்னையின் பேராலயத்துக்கு நடந்தே வந்தாள். கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது.