சாணை எந்திரம் விட்டுவைக்கும் பிசிறு

துப்பாக்கிக் குண்டு கொல்லும் விதம் வேறு, அம்பு கொல்லும் விதம் வேறு. இன்றைய காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் 26 கிராம் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 94 ஜூல். அமெரிக்க மான் வேட்டையில் பரவலாகப் புழங்கும் .30-06 ரைபிளின் குண்டில் இருப்பது சுமார் 3,800 ஜூல், அதாவது நாற்பது மடங்கு. அம்பு அதிர்ச்சியால் எதையும் வீழ்த்துவதில்லை. நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்து, இரத்தத்தை வெளியேற்றித்தான் வீழ்த்துகிறது. மழுங்கிய அலகு திசுவை நசுக்கிக் கிழிக்கும். கசங்கிக் கிழிந்த தமனி சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், அங்கே இரத்தமும் விரைவில் உறையும். சுத்தமாக அறுபட்ட குழாய் அவ்வளவு சுலபமாக அடைபடாது. சாக வேண்டிய மான் சில நொடிகளில் விழுவதும், காயத்தோடு காட்டுக்குள் போய் நாள் கணக்கில் துடிப்பதும் பெரும்பாலும் அம்பு பட்ட இடத்தைப் பொறுத்தது. அதற்கு அடுத்தபடியாக அலகின் கூரைப் பொறுத்தது. (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டது. இங்கே பேசுவது அது சட்டப்படி நடக்கும் வட அமெரிக்காவைப் பற்றி.)

கொலராடோ மாநில விதிப்படி பிராட்ஹெட் எனப்படும் வேட்டை அம்புமுனை குறைந்தது 7/8 அங்குல அகலமும், இரண்டு எஃகு வெட்டுவிளிம்புகளும் கொண்டிருக்க வேண்டும். அகலத்தை அளவுகோல் வைத்துச் சோதித்துவிடலாம். கூர் அப்படிப்பட்டதல்ல, அது வேட்டைக்காரரின் பட்டறை மேசையில், அவருடைய மனசாட்சிக்கு விடப்பட்ட விஷயம். அந்த மேசையில் இப்போது மின்சார பெல்ட் சாணை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரிகன் மாநிலத்து ஒர்க் ஷார்ப் போன்ற நிறுவனங்கள் விற்கும் இந்தக் கையடக்க எந்திரங்களில், உப்புத்தாள் போன்ற மெல்லிய பட்டை உருளைகளின் மேல் ஓடுகிறது. கோணத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு வழிகாட்டியும் உண்டு. ஐந்து நிமிடத்தில் சவரக்கத்தி மாதிரி ஆக்கிவிடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. அலகுக்கு உருவம் கொடுக்க இந்த எந்திரம் நல்லது, கடைசிக் கூரை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் வாதம்.

கூர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எஃகின் இரண்டு சாய்முகங்கள் சந்திக்கும் கோடு ஒருபோதும் பூரணமான கோடாக இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஓர் உருண்டை விளிம்பு. சமையலறைக் கத்தியில் அந்த உருட்சி ஒரு மைக்ரானை ஒட்டி இருக்கும், நல்ல சவர பிளேடில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. உருட்சி குறையக் குறைய அறுக்கத் தேவைப்படும் விசை குறைகிறது. விளிம்பு வழுக்கிக்கொண்டே அறுத்தால் விசை இன்னும் குறையும். 2012-இல் ஹார்வர்டின் மகாதேவனும் கூட்டாளிகளும் மென்மையான கூழ்களை வைத்து இதை ஆராய்ந்து, வெறுமனே அழுத்துவதைவிட இழுத்து அறுப்பது ஏன் சுலபம் என்று விளக்கினார்கள். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கான இரட்டை அலகு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு, பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் தள்ளுவதற்குள் தன் நீளவாக்கில் ஆறு மில்லிமீட்டர் வழுக்குகிறது. இழுத்து அறுக்கும் வேலையை அம்பின் வடிவமே செய்துவிடுகிறது. விளிம்பு அந்த உதவிக்குத் தகுதியாக இருந்தால் போதும்.

தகுதியைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது சூடு. கார்பன் எஃகு அம்புமுனைகள் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பதம் செய்யப்பட்டவை. அந்த அளவைத் தாண்டிச் சூடானால் எஃகு கடினம் இழக்கும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாய்ந்துவிடும். அலகின் உடல் கையால் தொடும் சூட்டில்தான் இருக்கும், ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இடமில்லாத நுனிவிளிம்பு வேகமாக ஓடும் பெல்ட்டின் அடியில் கண நேரத்தில் பதம் தாண்டலாம். அந்த நீலக்கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருப்பதால், ‘நிறம் மாறவில்லையே’ என்ற ஆறுதல் செல்லாது. ஒவ்வொரு இழுப்புக்கும் இடையே தண்ணீரில் முக்குவதும், வேகத்தைக் குறைப்பதும், கையை லேசாக வைப்பதும் இதற்குப் பெருமளவு மருந்து.

இரண்டாவது கேடு பிசிறு, அதுதான் அதிகம் ஏமாற்றுவது. ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எஃகு மறுபக்கம் மெல்லிய ஓரமாக மடிந்து நிற்கும். இந்தப் பிசிறு கைமுடியை மழிக்கும், காகிதத்தை அறுக்கும், ‘கூர் வந்துவிட்டது’ என்று நம்பவைக்கும். ஆனால் முதல் எதிர்ப்பிலேயே மடங்கிவிடும். மான் உடலில் அம்பு முதலில் சந்திப்பது ரோமமும் தோலும்தான். எம்.ஐ.டி.யில் ரோச்சியோலியும் தாசானும் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும்: எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மனித முடி, சவர பிளேடின் விளிம்பைச் சில்லு பெயர்க்கிறது; எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் அது எளிதாக நடக்கிறது. அவர்கள் ஆராய்ந்தது சவரம்தான், வேட்டை அல்ல. ஆனாலும் நன்றாகச் செய்த எஃகுக்கே இந்தக் கதி என்றால், பதம் போன, பிசிறு தொங்கும் விளிம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எந்திரத்தின் ஓசையிலும் வேகத்திலும் பிசிறு எப்போது புரண்டது, எப்போது உதிர்ந்தது என்று விரலுக்குத் தெரிவதில்லை. கல்லில் தேய்க்கும் கைக்குத் தெரியும்.

மறுப்புகள் உண்டு. கைக்கோணம் ஆடும், எந்திரம் ஆடாது என்பார்கள். நீண்ட கத்திக்கு அது சரி. அம்புமுனை இரண்டு மூன்று அங்குலம்தான்; தொய்வான பெல்ட் நுனியைத் தாண்டும்போது சுற்றி வளைந்து நுனியையே உருட்டிவிடும். மூன்று அலகு முனையில் கை ஆடவே வழியில்லை. 120 டிகிரி இடைவெளியில் நிற்கும் அலகுகளில் இரண்டைத் தட்டையான அரத்தின் மேல் கிடத்தினால், ஒவ்வொன்றும் தானாகவே 30 டிகிரியில் படிந்துவிடுகிறது. வடிவியலே வழிகாட்டி, இதைவிடத் துல்லியமான எந்திரத்தை யாரும் விற்கவில்லை. பெல்ட் தரும் குவிந்த சாய்முகம் விலா எலும்பில் பட்டாலும் தாங்கும் என்ற வாதம் நியாயமானது, அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் உருவம் கொடுக்க எந்திரம் நல்லது என்றேன். அரத்தால் தீட்டிய சொரசொரப்பான விளிம்பே நன்றாக அறுக்கும் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இழுத்து அறுக்கும்போது நுண்பற்கள் நாரைப் பற்றும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் பல் வேறு, பிசிறு வேறு. பல்லை வைத்துக்கொண்டு பிசிறைக் களைவதற்கும் கைதான் வேண்டும். பிளேடை மாற்றிக்கொள்ளும் முனைகள் வந்த பிறகு தீட்டுவது எதற்கு என்பவர்களுக்குப் பதில் சுருக்கம்: புதுப் பிளேடு பெட்டியிலிருந்து வந்தாலும் அதைச் சோதிக்காமல் நாணில் ஏற்றக் கூடாது.

சோதனைக்குக் கைமுடி வேண்டாம், பிசிறும் அதில் தேறிவிடும். தளர்வாகக் கட்டிய ரப்பர் பேண்டில் விளிம்பை லேசாக வைத்தாலே அறுபட வேண்டும், விளிம்பின் முழு நீளத்துக்கும். தேறாவிட்டால் மறுபடி பெல்ட்டுக்குப் போகாதீர்கள். நுண்ணிய பீங்கான் கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தேய்த்து, பச்சை குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்வாரில் விளிம்பு பின்னால் வரும்படி இழுத்து முடியுங்கள். மூன்று அலகு முனையாக இருந்தால் எந்திரத்தை மின்சாரத்தில் செருகவே வேண்டாம்.