ஐஜிஜி பாசிட்டிவ்னா பயப்படணுமா?

குடவாசல்ல எங்க பெரியம்மா பொண்ணு மூணு மாச கர்ப்பமா இருந்தப்போ 'டார்ச்' டெஸ்ட் எடுத்தாங்க. ரிப்போர்ட் எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துச்சு. 'ரூபெல்லா ஐஜிஜி: பாசிட்டிவ்'. பெரியம்மா அழவே ஆரம்பிச்சிட்டாங்க. இன்ஜினியரிங் படிக்கிறேன்ங்கிற ஒரே தகுதியில எனக்குப் போன் வந்தது. கூகுள் பண்ணினா கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு... வாயே திறக்கல நான். மறுநாள் டாக்டர் சிரிச்சாராம்: "இது நல்ல ரிசல்ட்மா."

விஷயம் இதுதான். ஐஜிஜி என்பது எப்போதோ வந்த தொற்றோ, போட்ட தடுப்பூசியோ விட்டுச்சென்ற எதிர்ப்புச் சக்தி. புதுத் தொற்றுக்கு முதலில் வருவது ஐஜிஎம். ஆனா அதையும் அப்படியே நம்ப முடியாது. சில சமயம் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கிடும். அதனால அடுத்து 'அவிடிட்டி' பார்ப்பாங்க. நேத்து நட்ட நாத்தை இழுத்தா கையோட வந்துடும், வேர் பிடிச்ச பயிர் வராதுல்ல? புது ஐஜிஜி வைரஸைத் தளர்வாத்தான் பிடிக்கும், பழசு இறுக்கமா.

சரி, அம்மாவுக்குத் தொற்று உறுதி. குழந்தைக்குப் போச்சா? இங்கதான் சிக்கல். அம்மாவோட ஐஜிஜி நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தை ரத்தத்துக்குள்ள போயிடும். ஹெச்ஐவியில இது பெரிய தலைவலி. 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடிச்சது ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடித்தான். பச்சைக் குழந்தைகிட்ட அந்த வழி உதவாது. அம்மாவோட ஆன்டிபாடி 18 மாதம் வரைகூட இருக்கும். அதனால 6 வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் உலரவைத்து, பிசிஆர் மூலம் வைரஸையே தேடுறாங்க. நம்பிக்கை மையங்கள் வழியா இது இலவசம்.

வயித்துக்குள்ள இருக்கும்போதே தெரியணும்னா பனிக்குட நீரை ஊசியால் எடுக்கணும். சைட்டோமெகலோவைரஸ் அந்த நீருக்கு வருவதே கருவின் சிறுநீர் வழியாத்தான். அதனால 20 வாரம் தாண்டி, அம்மாவுக்குத் தொற்று வந்து 6–8 வாரம் ஆன பிறகுதான் எடுப்பாங்க. அவசரப்பட்டு எடுத்து 'நெகட்டிவ்' வந்தா நம்ப முடியாது. பிறந்த பிறகுன்னா 21 நாளுக்குள் சிறுநீரோ எச்சிலோ. அதுக்கப்புறம் பாசிட்டிவ் வந்தா, தாய்ப்பால்ல வந்ததான்னு பிரிக்கவே முடியாது.

ரூபெல்லாவுக்கு மட்டும் இவ்வளவு அலைச்சலே தேவையில்ல, தடுப்பூசி இருக்கு. ஆனா கர்ப்பத்தின்போது போடக்கூடாது. குறைஞ்சது ஒரு மாதம் முன்னாடியே போட்டிருக்கணும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல 15 வயசு வரைக்கும் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? நாங்க அப்போ ஏழாவது. வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துட்டு எங்க அம்மா அன்னைக்கு என்னை ஸ்கூலுக்கே அனுப்பல.

போன வாரம் ஐஜிஜி டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வந்தேன். ரிசல்ட் இன்னும் வரல. இந்தத் தடவை பாசிட்டிவ் வரணும்னுதான் வீட்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்.