பிரித்து நிறுவினால் பிழை புலப்படும்

2018-ஆம் ஆண்டு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோள வயல்களை அமெரிக்கப் படைப்புழு சூறையாடியது. அதே ஆண்டில்தான் இந்தியாவில் முதன்முறையாகக் கர்நாடகத்தில் அது கண்டறியப்பட்டிருந்தது. நம் விவசாயிகள் அதற்கு முன் கண்டிராத பூச்சி அது. அன்று ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஆலோசனை கேட்டிருந்தால், பழைய தரவுகளை மட்டுமே கற்ற அது, தண்டுத் துளைப்பானுக்கான மருந்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைத்திருக்கக்கூடும்.

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. பிரதமரின் விவசாயிகள் நிதியுதவித் திட்டம் குறித்த ஐயங்களுக்கு விடையளிக்கும் 'கிசான் இ-மித்ரா' 2023 முதல் தமிழிலும் இயங்குகிறது. அடுத்த கட்டம் 'முகவர்'. பதில் சொல்வதோடு நில்லாமல், தானே தகவலைத் தேடி, விண்ணப்பத்தையும் அனுப்பிவைக்கும் மென்பொருள் அது.

முகவர் என்பது ஒற்றை மென்பொருள் அன்று. பேச்சை எழுத்தாக்கும் பகுதி, விடையை உருவாக்கும் மொழி மாதிரி, உண்மைகளைத் தரும் அறிவுத் தொகுப்பு, வானிலையையும் சந்தை விலையையும் எடுத்துவரும் கருவிகள், நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு எனப் பல உறுப்புகளின் கூட்டு அது. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கப் பொது நெறிமுறைகளும் வந்துவிட்டன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' அவற்றுள் ஒன்று.

உறுப்புகளைத் தனித்தனியே நிறுவுவதில் பெரும் நன்மை உண்டு. பெரும் கணினித் திறன் வேண்டும் மொழி மாதிரி தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கலாம். அறிவுத் தொகுப்போ வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையங்களின் பொறுப்பில் இருக்கலாம். புதிய புழு வந்தால் மாதிரியை மீண்டும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. தொகுப்பைத் திருத்தினால் போதும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. உறுப்புகள் வெவ்வேறு நாள்களில் புதுப்பிக்கப்படும்போது ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாமல் போகலாம். அரியலூரையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூரில் அது இருந்தது. 2001-இல் தனி மாவட்டமாயிற்று, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஓர் உறுப்பில் பழைய மாவட்டப் பட்டியலும் மற்றொன்றில் புதியதும் இருந்தால், செந்துறை விவசாயியின் விண்ணப்பம் பெரம்பலூர் அலுவலகத்துக்குப் போய்விடும். எந்த உறுப்பும் பழுதடைந்திருக்காது. ஆனாலும் அவருக்கு உதவி கிடைக்காது.

எனவே, எந்த உறுப்பின் எந்தப் பதிப்பு எங்கே இயங்குகிறது என்ற பட்டியல் பொதுவெளியில் இருக்க வேண்டும். ஓர் உறுப்பை மாற்றினாலும் முழு அமைப்பையும் உள்ளூர்க் கேள்விகளைக் கொண்டு சோதித்த பின்னரே வழங்க வேண்டும். பூச்சிமருந்துப் பரிந்துரையும் விண்ணப்பமும் மனித ஒப்புதலின்றி வெளியேறக் கூடாது. ஒவ்வோர் உறுப்புக்கும் பொறுப்பான அலுவலர் யார் என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும்.

தவறான மருந்தால் ஒரு போகம் பாழானால், 'கணினி சொன்னது' என்பது விவசாயிக்கு விடையாகாது. பிழை எங்கே நேர்ந்தது, அதற்கு யார் பொறுப்பு என்று அவருக்குச் சொல்ல முடிகிற அமைப்பே நம்பத்தக்கது.