குளிர்காலப் பறவைக் கணக்கும் பெங்களூரு ஏரிகளும்

குளிர்காலத்தில் வலசை வரும் நீர்ப்பறவைகள் என்றதும் கடற்கரைச் சரணாலயங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடிக்கரையும், ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரியும் பூநாரைகளுக்கும் உள்ளான்களுக்கும் புகலிடமாக விளங்குவது யாவரும் அறிந்ததே. ஆனால் கடலிலிருந்து வெகு தொலைவில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரு மாநகரின் ஏரிகளும் இப்பறவைகள் நாடி வரும் இடங்களே என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. ஜனவரி மாதங்களில் இந்த ஏரிக்கரைகளில் எடுக்கப்படும் கணக்கு, பறவைகளைப் பற்றி மட்டுமன்றி, ஏரிச் சீரமைப்புக்குச் செலவிடப்படும் பொதுப்பணம் உரிய பயனைத் தருகிறதா என்பதைப் பற்றியும் சில உண்மைகளை உணர்த்துகிறது.

வலசையின் காரணம்

வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன. பறவைகளை விரட்டுவது குளிரைவிட உணவுப் பற்றாக்குறையே எனலாம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகளும், உள்ளான்களும், வாலாட்டிகளும் செப்டம்பர் முதல் தெற்கு நோக்கி வந்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிச் செல்கின்றன. மத்திய ஆசிய வலசைப்பாதை எனப்படும் இவ்வழி 30 நாடுகளைத் தழுவியது.

பெங்களூருவில் மழை மிகுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். எனவே பறவைகள் வந்து சேரும்போது ஏரிகள் நிறைந்திருக்கும். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 15, 16 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். 1884 ஜனவரியில் 7.8 பாகை வரை இறங்கியதே இந்நகரில் பதிவான மிகக் கடுங்குளிர் ஆகும். நகர மக்கள் போர்வையைத் தேடும் இக்குளிர், வடக்கிலிருந்து வரும் வாத்துக்கு இதமான பருவமே.

இவ்வலசையை நம் நாட்டில் முறையாக ஆராயும் பணிக்கு ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையும் தூண்டுகோலாக இருந்தது. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் 1957-இல் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதன் கிருமிக்கும் ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு நோய்க்கிருமிக்கும் ஒற்றுமை தென்பட்டதால், பறவைகள் அதனைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் டாக்டர் சாலிம் அலி 1959-இல் பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்தைத் தொடங்கினார்.

மனிதர் அமைத்த நீர்நிலைகள்

பெங்களூருவில் வற்றாத பேராறு எதுவும் இல்லை. நகரம் ஒரு மேட்டின் முதுகில் அமைந்துள்ளது. விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் நீர் அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. ஹெப்பாள், கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குகளின் நீர் தென்பெண்ணையில் கலந்து, தமிழ்நாட்டின் வழியே கடலூர் அருகே கடலை அடைகிறது. இச்சரிவுகளில் கேம்பே கௌடர் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் கட்டப்பட்ட ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் சங்கிலி போல் அமைந்தன. மேல் ஏரி நிறைந்தால் உபரி நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். கோடையில் ஏரி வற்றும்போது உழவர்கள் வண்டலை அள்ளி வயலுக்கு இட்டனர்.

நகரம் விரிந்தபோது இச்சங்கிலியின் கண்ணிகள் பல அறுந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மத்தியப் பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. ஏரிகளைக் காக்கும் வழிகளை ஆராய, 1985-இல் கர்நாடக அரசு லட்சுமண ராவ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எஞ்சிய ஏரிகளில் கழிவுநீர் சேர்வது அடுத்த இடராயிற்று. பெள்ளந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியதையும் நாடே கண்டது.

ஆழமும் ஓரமும்

இந்நிலையில் பல ஏரிகள் பெரும் பொருட்செலவில் சீரமைக்கப்பட்டுள்ளன. தூர் வாருதல், கரையை உயர்த்துதல், சுற்றிலும் நடைபாதை அமைத்தல் ஆகியவை இப்பணிகளில் அடங்கும். இங்குதான் பறவைக் கணக்கின் பயன் வெளிப்படுகிறது.

உள்ளான் நீந்துவதில்லை. சில அங்குல நீரிலும் ஈரச் சேற்றிலும் நடந்து புழுக்களையும் பூச்சிகளையும் தேடுகிறது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மூழ்கி இரை தேடுபவை அல்ல. தலையை மட்டும் நீருக்குள் செலுத்தி, கழுத்துக்கு எட்டும் ஆழத்திலேயே மேய்கின்றன. ஆகவே ஏரியின் நடுப்பகுதியைவிட, சாய்வாக இறங்கும் அதன் ஓரமே இவற்றுக்கு உணவளிக்கும் நிலம். ஏரியைக் கிண்ணம்போல் ஒரே ஆழத்தில் வெட்டி, செங்குத்தான கரை எழுப்பினால், நீர் நிறைந்திருக்கும், பறவை இராது. நீர்க்காகங்கள் போல மூழ்கி மீன் பிடிப்பவை தங்கலாம். சேற்றை நம்பி வந்தவை வேறிடம் தேட வேண்டியதுதான். ஆண்டு முழுவதும் கழிவுநீர் நிரம்பி நிற்கும் ஏரியிலும் இதே விளைவு உண்டு. சேற்று ஓரம் வெளிப்படுவதே இல்லை.

இது பறவைகளுக்கு மட்டுமான இழப்பன்று. நாணலும் கோரையும் வளரும் ஓரங்கள் நீரிலுள்ள சத்துப்பொருள்களை ஈர்த்து அதனைத் தெளியச் செய்கின்றன. மீன் குஞ்சுகளுக்கும் மறைவிடம் தருகின்றன. சந்தையில் விலை இல்லாத பணிகள் ஆதலால், மதிப்பீட்டு அறிக்கைகளில் இவை இடம்பெறுவதில்லை. கொள்ளளவு கன அடியில் குறிக்கப்படுகிறது; ஓரத்தின் பயன் எதிலும் குறிக்கப்படுவதில்லை.

கணக்கெடுக்கும் முறை

ஐரோப்பாவில் 1967-இல் தொடங்கிய நடுக்குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியப் பிரிவு, 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கப்பட்டது. ஜனவரி மாதத்தில் தன்னார்வலர்கள் இதனை மேற்கொள்கின்றனர். மாணவர்களும் இதில் பங்குபெறலாம். இருநோக்கி ஒன்று, குறிப்பேடு ஒன்று, பறவைகளை அடையாளம் காணத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். காலை வேளையில், வெயில் முதுகில் படுமாறு நின்று, ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண்ண வேண்டும். பெருங்கூட்டமாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவைக் கொண்டு எஞ்சியவற்றைக் கணிக்கலாம். அடுத்தடுத்த ஏரிகளை ஒரே காலையில் எண்ணுவது, ஒரே பறவை இருமுறை கணக்கில் சேருவதைக் குறைக்கும். பறவை இல்லாத ஏரிக்கும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு செய்தியே.

எண்களைப் படிப்பதில் எச்சரிக்கை தேவை. நல்ல மழை பெய்த ஆண்டில் சுற்றுவட்டாரக் கிராம ஏரிகள் யாவும் நிறைவதால் பறவைகள் பரவிவிடும். நகர ஏரியில் எண்ணிக்கை குறையும். வறட்சியான ஆண்டில் நீருள்ள ஒரு சில ஏரிகளில் அவை குவியும். ஓராண்டு எண்ணை மட்டும் கொண்டு ஓர் ஏரி சீர்கெட்டது என்றோ, செழித்தது என்றோ முடிவு செய்வது தவறாகும். பல ஆண்டுப் போக்கையும், எண்ணிக்கையுடன் இனங்களின் வகையையும் சேர்த்து நோக்க வேண்டும். உள்ளான்கள் முற்றிலும் மறைந்து, மூழ்கும் பறவைகள் மட்டுமே எஞ்சுமாயின், ஓரம் போய்விட்டது என்று பொருள்.

செய்யத் தக்கவை

தூர் வாருவதே தவறு என்று கூறுவதற்கில்லை. 2022 செப்டம்பரில் பெங்களூரு கண்ட வெள்ளம், ஏரிகளின் கொள்ளளவு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்தியது. எனினும் கொள்ளளவும் ஓரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நடுவில் ஆழமும், நீர் நுழையும் பக்கத்தில் மென்சரிவும் அமைக்க இயலும். ஜக்கூர் ஏரியில், சுத்திகரிக்கப்பட்ட நீர் முதலில் நாணல் வளர்ந்த சதுப்புப் பகுதியைக் கடந்து, பின்னரே ஏரியைச் சேருமாறு அமைக்கப்பட்டது. கூழைக்கடாக்கள் தங்கும் அந்த ஏரியில் மீன்பிடிப்பும் நடைபெற்று வந்துள்ளது.

சீரமைப்புத் திட்டங்களை வகுக்கும் அலுவலர்கள் மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ளலாம். முதலாவதாக, நடைபாதையையும் விளக்குகளையும் ஏரியின் எல்லாப் பக்கங்களிலும் அமைக்காமல், ஒரு பக்கத்தையேனும் பறவைகளுக்கு விட்டுவைத்தல். இரண்டாவதாக, குளிர்கால மாதங்களில் இயந்திரப் பணிகளைத் தவிர்த்தல். மூன்றாவதாக, பணிக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் பறவைக் கணக்கெடுத்து, அதனை ஏரிப் பதிவேட்டில் சேர்த்தல். இம்மூன்றாவது பணிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களைக் கொண்டே நிறைவேற்றலாம்.

ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் இணைந்தது. கர்நாடகத்தின் முதல் ராம்சார் தலமாக ரங்கனதிட்டு 2022-இல் இடம்பெற்றது. இத்தகைய பெரிய இடங்களைப் பேணுவது அவசியமே. ஆனால் நெடும்பயணம் வரும் பறவைக்கு இடைவழியில் நூறு சிறு ஏரிகளும் தேவை. அவற்றைக் காக்கும் பொறுப்பு உடன்படிக்கைகளைவிட, கரையின் சரிவை வரைபடத்தில் தீர்மானிக்கும் பொறியாளரின் கையிலும், ஜனவரிக் காலையில் குறிப்பேட்டுடன் நிற்கும் மாணவரின் கையிலுமே பெரிதும் உள்ளது.